தோல் வாஷரும் சிவப்பு எண்ணெயும்

மலர்க் குழு நண்பர் போனில் கூப்பிட்டு, "நீ ஏரோப்ளேன் சமாச்சாரமெல்லாம் பார்த்தவன், மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒண்ணு எழுதிக் கொடு" என்று உத்தரவு போட்டபோது கொஞ்சம் தயங்கினேன். நான் விமானம் ஓட்டுபவனுமல்ல, கட்டியவனுமல்ல. 2009-ல் நம் கல்லூரியில் மெக்கானிக்கல் முடித்து வெளியே போன நாளிலிருந்து ஹைட்ராலிக் சிலிண்டரோடும் பம்போடும் மல்லுக்கட்டிச் சம்பளம் வாங்குகிறவன். இருந்தாலும் சொல்ல வேண்டிய கதை ஒன்று இருக்கிறது. அது ஆனைமலையில் ஒரு டீக்கடையில் ஆரம்பிக்கிறது.

2024 அக்டோபர் 11, ஆயுத பூஜை லீவு. ஊருக்கு வந்திருந்தேன். மாமாவோடு டீ குடிக்கப் போன இடத்தில் எல்லோரும் டி.வி.யை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்கு மாலை 5.40 வாக்கில் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் போயிங் 737 விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. உள்ளே 140-க்கும் மேற்பட்ட பயணிகள். எரிபொருளைத் தீர்த்து எடையைக் குறைப்பதற்காக வானத்திலேயே வட்டமடித்துக்கொண்டிருந்தது. கீழே ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் வரிசையாக நின்றன. இரண்டு மணி நேரத்துக்கும் மேல் சுற்றிவிட்டு, எட்டேகால் வாக்கில் பத்திரமாக இறங்கியது. கடையில் கைதட்டினார்கள். டீ மாஸ்டர் ஆற்றின டீயை மறுபடி ஆற்றினார்.

அப்போதுதான் மாமா கேட்டார்: "ஏனுங் மாப்ள, ஐட்ராலிக்கு ஐட்ராலிக்குங்கறானே, அது என்னங்க?"

பதினைந்து வருஷ அனுபவத்தைத் திரட்டி, "அதுங்க மாமா, ஒரு பக்கம் பம்பு எண்ணெயை அமுக்கும், இன்னொரு பக்கம் சிலிண்டர் அந்த அமுக்கத்தை வாங்கிக்கிட்டுச் சக்கரத்தைத் தூக்கும், இறக்கும், பிரேக் பிடிக்கும். நம்ம ஊர்க் கைப்பம்பு மாதிரி, ஆனா தலைகீழா" என்றேன்.

மாமா ஒரு வாய் டீயை விழுங்கிவிட்டுச் சொன்னார்: "அப்ப வாசரு போயிருக்குமுங்."

அந்த விமானத்தில் எது போனது என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் "பிரஷர் நிற்கவில்லை" என்ற புகாரைக் கேட்டதும் பம்பைப் பார்க்காமல் வாஷரைப் பார்த்தாரே, அதை என் துறைக்காரர்கள் கற்றுக்கொள்ள இருநூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. எனக்கோ ஒரு முழு வாரம் ஆயிற்று. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லாத் திசையிலும் குறையாமல் பரவும் என்று பாஸ்கல் 17-ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார். பிளஸ் ஒன்னில் நாம் எல்லோரும் படம் போட்டு ஐந்து மார்க் வாங்கினோம். சின்ன பிஸ்டனை ஒரு விரலால் அமுக்கினால் பெரிய பிஸ்டன் யானையைத் தூக்கும். படத்தில் எல்லாம் சரி. செய்து பார்த்தால் யானை எழும்பாது, பிஸ்டன் ஓரமாகத் தண்ணீர்தான் பீச்சியடிக்கும். இறுக்கமாகப் பிஸ்டனைப் போட்டால் நகராது, நகரும்படி போட்டால் ஒழுகும். பாஸ்கலுக்குப் பிறகு நூறு வருஷத்துக்கு மேல் ஹைட்ராலிக் பிரஸ் என்ற பொருள் வராமலே போனதற்கு இந்த ஒழுகல் ஒரு முக்கியக் காரணம்.

லண்டனில் ஜோசப் பிராமா என்ற பூட்டுத் தொழிலாளி 1795-ல் ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குப் பேடண்ட் எடுத்தார். அவருக்கும் அதே ஒழுகல்தான் தலைவலி. அதைத் தீர்த்தவர் அவருடைய பட்டறையில் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லே என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. பின்னால் லேத்துக்காக உலகப் புகழ் பெற்றாரே, அதே மாட்ஸ்லே. அவர் செய்தது இவ்வளவுதான்: தோலை வளைத்து, குறுக்கே வெட்டிப் பார்த்தால் தலைகீழ் லாடம் மாதிரி தெரியும்படி ஒரு பட்டை. வாய் திறந்த பக்கம் தண்ணீரைப் பார்க்க வேண்டும். அழுத்தம் ஏற ஏற, அந்தத் தண்ணீரே தோலின் உதடுகளை விரித்துச் சுவரோடு ஒட்டவைக்கும். அழுத்தம் இறங்கினால் உதடு தளரும், பிஸ்டன் சுலபமாக நகரும். எது ஒழுகப் பார்க்கிறதோ அதையே காவலுக்கு வைத்த யோசனை இது. இன்றைக்கும் நான் கேட்லாக்கில் ஆர்டர் போடும் யு-கப் சீல் அதேதான், தோலுக்குப் பதில் பாலியூரித்தேன். மாட்ஸ்லேவுக்கு அப்போது வாரம் 30 ஷில்லிங் சம்பளம். கூட்டிக் கேட்டார், முதலாளி முடியாது என்றார், 1797-ல் தனிப் பட்டறை போட்டுவிட்டார். இன்கிரிமெண்ட் வரலாறும் பழையதுதான்!

இனி நம் பக்கம் வருவோம். கொங்கு நாட்டில் உயர் அழுத்தம் என்றால் என்ன என்பதை முதன்முதலில் காட்டியது நீலகிரியிலிருந்து 1932-ல் மின்சாரம் கொடுக்க ஆரம்பித்த பைக்காரா. தண்ணீர் மூவாயிரம் அடிக்கும் மேலான உயரத்திலிருந்து குழாய் வழியே இறங்கி வந்தது. அந்தக் காலத்தில் உலக அளவிலேயே பெரிய உயரங்களில் ஒன்று. ஒரு அடி தண்ணீர் 0.433 பி.எஸ்.ஐ., அதாவது சதுர அங்குலத்துக்கு அத்தனை பவுண்டு, என்று நம் லேபில் மனப்பாடம் செய்தோமே, அந்தக் கணக்கில் குழாயின் அடியில் சுமார் 1,300 பி.எஸ்.ஐ. வருகிறது. இந்த எண்ணை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும். அந்தக் கரண்டுதான் கோவை மில்களை ஓட்டியது, கிணறுகளில் கவலை மாட்டுக்கு ஓய்வு கொடுத்தது. மோட்டாருக்கும் பம்புக்கும் ஊரிலேயே கிராக்கி வந்தது. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மோட்டார் செய்து காட்டினார்கள். பிறகு பீளமேடு, கணபதி என்று பட்டறைகள் பெருகிய கதை நம் மலர்களில் பலமுறை வந்துவிட்டது, விட்டுவிடுகிறேன்.

ஆனைமலையில் என் அப்புச்சியின் தோட்டத்தில் ஐந்து எச்.பி. மோட்டார் பம்பு ஒன்று இருந்தது. மோட்டார் ஓடும், தண்ணீர் வராது. விடுமுறைக்குப் போகும் எனக்கு உடனே ஸ்பானரை எடுத்துப் பம்பைப் பிரிக்க ஆசை. அப்புச்சி கிணற்றுத் திட்டில் உட்கார்ந்துகொண்டே, "பம்பு எங்கயும் போகாது கண்ணு. மொதல்ல புட்வால்வப் பாரு, அப்பறம் கிளாண்டு கயித்தப் பாரு, அப்பறம் பைப்பு சாயிண்டப் பாரு. கடேசியாத்தான் பம்பக் கழட்டோணும்" என்பார். சாணியைக் கரைத்துப் பம்பில் ஊற்றிப் பிரைமிங் செய்வார். கிளாண்டில் காற்றுப் போகும் சந்துகளைச் சாணி அடைத்துவிடும். தண்ணீர் வந்துவிடும். சாணி தோல் வாஷருக்கும் முந்திய சீல் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

இதைவிட முக்கியமான ஒரு நிகழ்ச்சி நம் மாவட்டத்தில் நடந்தது. நம்மவர்களிலேயே பலருக்கு அது தெரியாது. 1970-களில் இந்தியா மார்க்-2 கைப்பம்பு வந்தது. ஊருக்கு ஊர் பச்சை நிறத்தில் நிற்குமே, அதே பம்பு. நல்ல பம்பு. ஆனால் உள்ளே பிஸ்டனில் இருந்த தோல் வாஷர் மணலில் தேய்ந்துபோகும். வாஷரை மாற்ற வேண்டுமென்றால் மொத்தக் குழாயையும் வெளியே உருவ வேண்டும். அதற்கு வேனும் ஆட்களும் மாவட்டத் தலைநகரிலிருந்து வர வேண்டும். அதுவரை பெண்கள் குடத்தோடு பக்கத்து ஊருக்கு நடக்க வேண்டும். 1983-லிருந்து ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டமும் உலக வங்கியும் சேர்ந்து கோவை மாவட்டக் கிராமங்களில் கைப்பம்புகளை வருஷக்கணக்கில் ஓடவிட்டு, எது எப்போது எதனால் பழுதாகிறது என்று குறித்தார்கள். தோலுக்குப் பதில் நைட்ரைல் ரப்பர் வாஷர் போட்டுப் பார்த்ததில் பழுதுகள் வெகுவாகக் குறைந்தன. குழாயை உருவாமலே பிஸ்டனை மட்டும் மேலே எடுக்கும்படி சிலிண்டரையும் மாற்றினார்கள். அதுதான் இந்தியா மார்க்-3. 150 அடி ஆழக் கிணற்றில் அந்த வாஷர் தாங்கும் அழுத்தம் 65 பி.எஸ்.ஐ.தான். இருந்தும் பல ஊர்களின் குடிதண்ணீர் அந்த ஒரு வட்ட ரப்பரில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆழியாறு அணையைக் காட்டுகிற மாதிரி அந்த வாஷரையும் நம் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

இனி விமானம். வீட்டிலோ கொட்டகையிலோ தன் கையால் விமானம் கட்டும் பைத்தியம் அமெரிக்காவிலிருந்து வந்தது என்று நினைப்போம். 1910-லேயே சென்னையில் டி'ஏஞ்சலிஸ் என்ற ஓட்டல்காரர் தானே வடிவமைத்து, சிம்ப்சன் கம்பெனியில் செய்யச் சொல்லி, ஒரு விமானத்தைப் பல்லாவரத்தில் பறக்கவிட்டார். மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்தியவர், கார்சிகா தீவுக் குடும்பம். அந்த விமானத்தில் ஹைட்ராலிக் எதுவும் கிடையாது. அன்றைய விமானங்களில் சக்கரத்தை மடக்க வேண்டிய அளவுக்கு வேகமே இல்லை.

வேகம் கூடிய பிறகுதான், 1930-களில், சக்கரத்தைக் காற்றில் விரித்துக்கொண்டு போவது நஷ்டம் என்று புரிந்தது. மடக்க வேண்டும், ஆனால் கையால் கிராங்க் சுற்றி மாளாது. 1935 டிசம்பரில் முதலில் பறந்த டி.சி.-3, நம் ஊரில் டக்கோட்டா என்று பேர் வாங்கிய அந்த விமானம், சக்கரத்தை எண்ணெய் அழுத்தத்தால் தூக்கியது. அழுத்தம் ஆயிரங்களுக்குப் போனது. தோலும் கயிறும் போதாமல் போயின.

அந்த இடத்தில் வந்தவர் நீல்ஸ் கிறிஸ்டன்சன். டென்மார்க்கில் 1865-ல் பிறந்து அமெரிக்கா போனவர், பிரேக் துறை ஆசாமி. தம் 72-ஆவது வயதில், 1937-ல், ஒரு பேடண்டுக்கு விண்ணப்பித்தார். 1939-ல் கிடைத்தது. ஒரு ரப்பர் வளையம், அது உட்காரும் ஒரு பள்ளம், அவ்வளவே. ஆனால் பள்ளத்தின் நீளம் ரப்பரின் தடிமனைப் போல ஒன்றரை மடங்கு இருந்தால்தான் வளையம் அசைந்து பிசைந்துகொண்டு நெடுநாள் உழைக்கும் என்று பல அளவுகளைப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்திருந்தார். ஓ-ரிங் பிறந்தது. போர் வந்ததும் அமெரிக்க அரசாங்கம் பேடண்ட் உரிமையை வாங்கி, யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று விட்டுவிட்டது. 72 வயதில் நான் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

மாணவர்களுக்கு எண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. சின்ன விமானங்களில் ஊற்றுவது மில்-எச்-5606 என்ற கனிம எண்ணெய், சிவப்புச் சாயம் போட்டது. அதற்கு நைட்ரைல் ரப்பர் சீல். பெரிய ஜெட்டுகளில் ஊதா நிற பாஸ்பேட் எஸ்டர், எளிதில் தீப்பிடிக்காது, அதற்கு வேறு ரப்பர். கார் பிரேக் ஆயில் மூன்றாவது ஜாதி, கிளைக்கால் வகை, அதற்கும் வேறு ரப்பர். ஒன்றின் எண்ணெயில் மற்றதன் ரப்பரைப் போட்டால் ஊறிப் பணியாரம் மாதிரி உப்பும், அல்லது இளகிக் கூழாகும். "எல்லாம் ஆயில்தானே சார்" என்று சொல்லும் மெக்கானிக்கை ஏரோப்ளேன் பக்கம் விடாதீர்கள். சாயத்தைப் போட்டதே அதற்காகத்தான்.

போருக்குப் பிறகு அமெரிக்காவில் 1953-ல் பால் போபரஸ்னி என்பவர் வீட்டு விமானக்காரர்களுக்குச் சங்கம் ஆரம்பித்தார். 1970-லிருந்து வருஷாவருஷம் ஆஷ்காஷ் என்ற ஊரில் திருவிழா கூட்டுகிறார்கள். பாதிக்கு மேல் வேலையைத் தன் கையால் செய்தால் அதைச் சொந்தக் கட்டுமானமாகப் பதிவு செய்துகொள்ளலாம் என்பது அங்கே சட்டம். 1980-களில் கிளாசேர், லேன்சேர் போன்ற பைபர் கிளாஸ் கிட்டுகள் வந்தன. கார் ஷெட்டில் கட்டும் இரண்டு சீட் விமானத்துக்கும் மடங்கும் சக்கரம் வந்துவிட்டது. நம் நாட்டில் இந்த வழி எவ்வளவு கரடுமுரடு என்பதற்கு மும்பை காந்திவலியில் அடுக்குமாடி வீட்டின் மொட்டை மாடியில் ஆறு சீட் விமானம் கட்டிய கேப்டன் அமோல் யாதவே சாட்சி. 2016 மேக் இன் இந்தியா கண்காட்சியில் அது நின்றது, பதிவு எண் கிடைக்க 2017 ஆயிற்று.

அந்தக் கிட் விமானங்களில் ஹைட்ராலிக் எப்படி இருக்கும்? டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பவர் பேக். மோட்டார், சின்ன கியர் பம்பு, எண்ணெய்த் தொட்டி, வால்வுகள் எல்லாம் அதற்குள். மூன்று சக்கரத்துக்கும் மூன்று சிலிண்டர். ஆயிரம் பி.எஸ்.ஐ. வாக்கில் வேலை செய்யும். பைக்காரா குழாயின் அடியழுத்தத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம், பார்த்தீர்களா? 737-ல் இது 3,000. இன்னொரு விஷயம்: இவற்றில் பலவற்றில் தூக்கிய சக்கரத்தைப் பிடித்து வைக்கக் கொக்கி கிடையாது. எண்ணெய் அழுத்தம்தான் பிடித்து வைக்கும். தொழிற்சாலையில் செய்த பைப்பர் ஆரோவிலும் இதே ஏற்பாடுதான். அழுத்தம் வந்ததும் ஒரு பிரஷர் ஸ்விட்ச் மோட்டாரை நிறுத்தும், குறைந்தால் மறுபடி ஓட்டும். எல்லாமே போய்விட்டால் ஒரு வால்வைத் திறந்துவிட்டால் போதும், சக்கரம் தன் எடையிலேயே கீழே விழுந்து பூட்டிக்கொள்ளும். பெரிய விமானத்தில் இரண்டு மூன்று தனித்தனி ஹைட்ராலிக் இருக்கும். 1989 ஜூலையில் அமெரிக்காவின் சியூக்ஸ் சிட்டியில் ஒரு டி.சி.-10-க்கு வால் இன்ஜின் உடைந்து மூன்றுமே ஒரே நேரத்தில் போனது, 112 பேர் இறந்தார்கள். சின்ன விமானத்தில் இருப்பதே ஒன்றுதான்.

கம்பெனி வேலையாக டெக்சாஸில் இரண்டரை வருஷம் இருந்தபோது, பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் பழக்கமானார். ஓய்வு பெற்ற எலக்ட்ரிகல் இன்ஜினீயர். ஒன்பது வருஷமாகச் சனி ஞாயிறு எல்லாம் செலவழித்து இரண்டு சீட் கிட் விமானம் ஒன்றைக் கட்டி முடித்திருந்தார். புது விமானத்தை முதல் 40 மணி நேரம் ஆள் ஏற்றாமல் சோதனையாக ஓட்ட வேண்டும். 31 முடிந்திருந்தது. மீதி ஒன்பது முடிந்தால் மனைவியை ஏற்றிக்கொண்டு மகள் ஊருக்குப் போவதாகத் திட்டம். அந்த அம்மாள் எனக்குத் தெரிந்து ஒருமுறைகூட அந்த விமானத்தைத் தொட்டுப் பார்த்ததில்லை.

கோளாறு இதுதான்: சக்கரத்தைத் தூக்கிய பிறகு நின்றிருக்க வேண்டிய பம்பு, மேலே பறக்கும்போது மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை 'ர்ர்' என்று ஒரு வினாடி ஓடி நிற்கும். முதலில் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறையாக இருந்தது, நாளாக ஆக நெருங்கிக்கொண்டே வந்தது. எங்கோ அழுத்தம் இறங்குகிறது என்று அர்த்தம். "நீ ஹைட்ராலிக்ஸ்காரன்தானே, வந்து பார்" என்றார்.

நானும் போனேன். முதல் நாளே, "பம்பு உள்ளே தேய்ந்திருக்கும், மாற்றிவிடலாம்" என்று சொல்லிவிட்டேன்! அவரும் அன்றைக்கே புதுப் பம்புக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார். விலை நம் பணத்தில் ஒரு நல்ல ஸ்கூட்டர்.

பம்பு வர ஒரு வாரம் ஆகும். சும்மா இருப்பானேன் என்று விமானத்தை ஜாக்கியில் ஏற்றி, கேஜ் மாட்டி, சக்கரத்தைத் தூக்கி, வாட்ச்சைப் பார்த்து உட்கார்ந்தோம். தொட்டியில் எண்ணெய் சரியாக இருந்தது. வெளியே ஒரு சொட்டுச் சிவப்பும் இல்லை. (தம்பிகளுக்கு ஒன்று: லீக் தேடும்போது கையால் தடவாதீர்கள். ஊசித் துளையில் வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், ஆபரேஷன் வரைக்கும் இழுக்கும். அட்டையை நீட்டிப் பாருங்கள்.) அடுத்தது காற்று. எழுபது மில்லி காற்று ஆயிரம் பி.எஸ்.ஐ.யில் ஒரு மில்லியாகச் சுருங்கிவிடும். ஒரு லிட்டர் எண்ணெயோ அதே அழுத்தத்தில் ஒரு தேக்கரண்டிதான் சுருங்கும். காற்று கலந்த எண்ணெய் ஸ்பிரிங் மாதிரி. பத்து முறை சக்கரத்தைத் தூக்கி இறக்கி, தொட்டியில் நுரை அடங்கும் வரை காற்றை வெளியேற்றினோம். சக்கரம் ஏறுவது விறைப்பாயிற்று. பம்பு மட்டும் பழையபடி ஓடியது.

பிறகுதான் என்னைக் கோமாளியாக்கிய விஷயம். பிற்பகலில் வாட்ச் வைத்துப் பார்த்தால் பதினோரு நிமிஷத்துக்கு ஒருமுறை. "பார்த்தீர்களா, காற்றுதான், சரியாகிவிட்டது" என்று கைகுலுக்கிவிட்டு வந்தேன். மறுநாள் விடியற்காலையில் அவரே போன் செய்தார்: "நான்கு நிமிஷம்." இரவில் யார் வந்து கெடுத்தது?

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். தகர ஹேங்கர், மதிய வெயில். அடைபட்ட எண்ணெய் சூடேறினால் விரியும். விரிய இடமில்லாத கெட்டியான இடத்தில் ஒரு டிகிரி சென்டிகிரேடுக்கு நூறு பி.எஸ்.ஐ.க்கும் மேல் ஏறும், குழாய் கொஞ்சம் விட்டுக்கொடுப்பதால் நடைமுறையில் குறையும். லீக்கில் இறங்கிய அழுத்தத்தை வெயில் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. மேலே பறக்கும்போது குளிரில் எண்ணெய் சுருங்குவதால் மூன்று நிமிஷம், மதியம் பதினொன்று, வெப்பம் ஏறாமல் இறங்காமல் இருக்கும் விடியலில் நான்கு. உண்மை பேசியது விடியற்காலை மட்டும்தான். சித்திரை மாசப் பொள்ளாச்சி வெயிலில் வளர்ந்தவனுக்கு இது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டாமா?

அதற்குப் பிறகு எல்லாச் சோதனையும் காலை ஐந்தரை மணிக்குத்தான். அப்புச்சியின் வரிசைக்கு வந்தேன், ஆனால் கடைசியிலிருந்து. பம்பின் வாயிலேயே கேஜை வைத்து, அதற்கு அப்பால் மூடி போட்டு அடைத்து, அழுத்தம் ஏற்றி நிறுத்தினோம். அரை மணி நேரம் முள் அசையவில்லை. பம்பும் அதன் செக் வால்வும் நிரபராதி. பெரியவர் என்னைப் பார்த்த பார்வையில் ஸ்கூட்டர் விலை தெரிந்தது. பிரஷர் ஸ்விட்சும் நிரபராதி. முள் நிஜமாகவே இறங்கும்போதுதான் அது பம்பை ஓட்டியது.

மிச்சம் மூன்று சிலிண்டரும் அவசர வால்வும். வால்வைத் தனியாக அடைத்துப் பார்த்தோம், இறங்கத்தான் செய்தது, ஆக அதன் மேல் குற்றமில்லை. இடது சிலிண்டரின் இரண்டு ஹோஸையும் கழற்றி மூடி போட்டோம், அந்தக் கால் தொங்கட்டும் என்று மற்ற இரண்டை மட்டும் தூக்கினோம். நான்கு நிமிஷம். மூக்குச் சக்கரம், நான்கு நிமிஷம். வலது சிலிண்டரை அடைத்ததும் முள் ஆணி அடித்த மாதிரி நின்றது. பத்து, இருபது, நாற்பது நிமிஷம். அவருடைய மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, நாங்கள் இரண்டு பேரும் அசையாத ஒரு முள்ளை இவ்வளவு சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் போனார்.

சிலிண்டரைப் பிரித்தோம். பிஸ்டனின் ஓ-ரிங்கில், ஒரு பக்கத்தில், நகக்கீறல் அளவுக்கு ஒரு வெட்டு. ஒரு சதைத் துணுக்கைக் கிள்ளி எடுத்த மாதிரி. எண்ணெய் வெளியே சொட்டாமல், பிஸ்டனின் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குக் கசிந்து திரும்பத் தொட்டிக்கே போயிருக்கிறது. அதனால்தான் தரையில் சிவப்பு இல்லை. வெட்டு எப்படி வந்தது? சிலிண்டருக்குள் எண்ணெய் நுழையும் துளையின் உள் விளிம்பில் விரலை வைத்தால் பிளேடு மாதிரி இருந்தது, பிசிர் தட்டாமல் விட்டிருந்தார்கள். ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஒரு சனிக்கிழமை இரவில் பிஸ்டனை உள்ளே தள்ளியபோது, ரிங் அந்த விளிம்பைத் தாண்டிப் போயிருக்கிறது. "நான் அன்றைக்கு எண்ணெய்கூடத் தடவாமல் தள்ளியிருப்பேன்" என்று பெரியவர் தாமாகவே ஒப்புக்கொண்டார்.

விளிம்பை நைசான எமரித் தாளால் மழுக்கி, கழுவி, புது நைட்ரைல் ரிங்கைச் சிவப்பு எண்ணெயில் முக்கிப் போட்டோம். ஒரு ரிங் ஒரு டாலருக்குள். மற்ற இரண்டு சிலிண்டரையும் பிரித்தோம். இடதிலும் அதே மாதிரி விளிம்பு, ரிங் தப்பித்திருந்தது. அது தப்பித்தது என்று விட்டுவிட அவருக்கு மனம் வரவில்லை, எனக்கும்தான். மூன்றையும் மாற்றினோம். விடியலில் தூக்கிய சக்கரம் மூன்று மணி நேரம் பம்பு ஓடாமல் நின்றது. அவசர வால்வைத் திறந்து சக்கரம் தானாக விழுகிறதா என்றும் ஐந்து முறை பார்த்தோம், ஐந்து முறையும் 'டக்' என்று பூட்டியது.

அந்த வெட்டுப்பட்ட ரிங்கை அவர் எனக்கே கொடுத்துவிட்டார். ஊருக்கு வந்தபோது மாமாவிடம் காட்டினேன். வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நாஞ் சொன்னனல்லங்" என்றார். இப்போது அது நம் கல்லூரி ஹைட்ராலிக்ஸ் லேபில், பெல்டன் வீலுக்குப் பக்கத்து அலமாரியில், ஒரு பழைய மார்க்-2 தோல் வாஷரோடு ஒரே கண்ணாடிப் புட்டியில் இருக்கிறது. போன மாதம்தான் கொண்டுவந்து கொடுத்தேன். ரீயூனியனுக்கு வருகிறவர்கள் போய்ப் பார்க்கலாம்.

பெரியவர் மீதி ஒன்பது மணி நேரத்தையும் முடித்து, மனைவியை ஏற்றிக்கொண்டு மகள் ஊருக்குப் போய் வந்துவிட்டார். புதுப் பம்பைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டாராம். இன்னும் டப்பா பிரிக்காமல் ஹேங்கரில் இருக்கிறது.